அம்பு ஸ்டிக்கர்

திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங்.
ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்
எது கண்ணில் பட்டாலும்
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிப்போடோணும்.
சனிக்கிழமை ராத்திரி சம்பளம்.
ஞாயித்துக்கிழமை மேட்னிக்குப் போனாலும்
கண்ணு சும்மா இருக்கறதில்லீங்க.

போன மாசம் ஒரு வெட்டுக்குத்துப் படம்.
இடைவேளைக்குள்ள முப்பத்தொரு பேர் காலி.
நான் எண்ணல, பக்கத்து சீட்டுப் பையன் எண்ணினான்.
நான் பார்த்தது பனியனைத்தான்:
செத்தவனுக எல்லாருக்கும் புதுசு, ஒரே லாட்டு,
கழுத்து ரிப்புக்கூட இளகல.
ஒரு தண்ணி பார்க்காத பனியனோட
இத்தனை பேர் எந்த ஊட்ல இருந்து கெளம்பி வந்தானுக?
கதாநாயகனுக்கு மேல்பட்டன் இல்ல.
திரும்பினான், இருக்கு.
ரெண்டு அம்பு.
பாட்டு பரவால்ல.

அதுக்கு மிந்தி பேய்ப் படம்.
ஏழு ரூம் பங்களா, மச்சு, நிலவறை,
பேய் நின்னு நிதானமா வர அத்தனை எடம்.
ஆண்டிபாளையம் லைன் வீட்டில்
பத்துக்குப் பத்தில் நாங்க நாலு பேர், ஒரு அடுப்பு.
வந்தா அது எங்க நிக்கும்?
கதவு தொறக்கறதுக்கே ஒருத்தி எந்திரிச்சு ஒதுங்கோணும்.
"பாவம், சித்தெ இருன்னு சொல்லித்
தண்ணிக் குடத்து மேல உக்கார வைக்கலாம்"னா சுகந்தாமணி.
அந்தப் படத்தில் நாங்க சிரிச்சது அதுக்குத்தான்,
அதுவும் படத்தில் இல்ல.

நம்ம பக்கத்துக் கதைன்னு ஒண்ணு வந்துச்சு.
சொல்லுக்குச் சொல் 'ங்க'.
வெட்ட வர்றவன் "வெட்டிப்போடுவேனுங்க",
வெட்டு வாங்கினவன் "செத்துட்டேனுங்க".
தியேட்டரே கொல்லுனு சிரிச்சுது, நானுந்தான்.
பின்சீட்டுக் காங்கயத்துக்காரர் ஒருத்தர்
"எங்கூரு கல்யாணப் பந்தியில்கூட இத்தனை ங்க வராது"ன்னார்.
சொல்லி வாய் மூடல, என்னைப் பார்த்து:
"ஏனுங், சித்தெ தலையை எறக்குங்க, மறைக்குதுங்க."

லிப்சா ஒடிசாக்காரி. ஓவர்லாக்.
அவ தமிழ் வந்து எண்ணிக்கை, நாலு திட்டு, பஸ் பேரு.
எல்லாப் படத்துக்கும் கூட வருவா,
எங்களுக்கு மிந்தி சிரிப்பா,
வில்லன் யாருன்னு மொதச் சீனுலயே கையைக் காட்டிப்போடுவா.
எப்படி இருந்துச்சுன்னா
"ஏசி அச்சா."

போன வாரம் வேற எதுக்கும் டிக்கெட் இல்லாம
ஒரு படத்துக்குப் போனோம். பேரு மறந்துபோச்சு.
எங்களோட சேத்துப் பதினோரு பேர்.
சண்டையில்ல, பாட்டில்ல,
இடைவேளை விட்டதே ஒரு டீ கொதிக்கறப்ப.
அரை நாள் கூலி போச்சேன்னு சுகந்தாமணி முனகிட்டே இருந்தா.
அப்பறம் படத்தில் ஒருத்தி ஊட்டைப் பூட்டினா.
பத்தடி நடந்தா. திரும்பி வந்து
பூட்டை இழுத்துப் பார்த்தா.
மறுபடி நடந்தா.
அவ்வளவுதான்.
லிப்சா துப்பட்டாவைக் கடிச்சுட்டு
விசும்பறது கேக்குது.
என்னடின்னா, கையாலயே
படத்தைப் பாருன்னா.
அவ ஊரில் தொங்கற பூட்டு எப்படிப்பட்டதோ,
நான் கேக்கல.

தேடிப் பார்த்தேன், நெசமாலுமே.
வெளிச்சம், பொடவை மடிப்பு, பூட்டுத் தொங்கற பக்கம்,
போறப்பவும் வர்றப்பவும் ஒரே மாதிரி.
ஒரு அம்பு ஒட்ட எடமில்ல.

வெளிய காளான் கடையில்
ஒரு பிளேட்டை மூணாப் பங்கிட்டோம்.
"நல்லாத் தூங்கினேன்"னா சுகந்தாமணி.
நான் ஒண்ணும் சொல்லல.
லிப்சா வெங்காயம் எச்சாக் கேட்டு வாங்கினா.

திங்கக்கிழமை பஸ்ஸில் போறப்பப் பார்த்தேன்,
அந்தப் போஸ்டர் மேல வேற போஸ்டர்,
கோணலா ஒட்டியிருக்கான்.
வர்ற வாரம் அதுக்குத்தான் போறோம்.