செலுத்த வேண்டியது

காப்பீட்டுக் கவுண்ட்டரில் என் வேலை
வியாதிக்கு எண் கண்டுபிடிப்பது.
எண் இருந்தால் அட்டை செல்லும்.
எண் இல்லாத வலிக்கு
எதிர்க் கவுண்ட்டரில் பணம் கட்ட வேண்டும்.

சுலோச்சனா பேர்ணாம்பட்டிலிருந்து வந்தாள்.
புருஷன் தோல் ஷாப்பில்
டிரம்முக்குத் தோல் ஏற்றுகிறவர்.
இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை.
ரேஷன் கார்டில் முனிரத்தினம்,
ஆதாரில் முனிரத்னம்.
ஒரு 'தி' குறைந்ததற்கு
தாலுகா ஆபீசுக்கு மூன்று நடை.
அத்தனை நாளும் அந்த வால்வு
எழுத்துப் பிழையே இல்லாமல் ஒழுகிக்கொண்டிருந்தது.

ஒப்புதல் வந்த அன்று
நானே வார்டுக்குப் போய்ச் சொன்னேன்.
வழக்கமாகப் போவதில்லை.
"இன்னா சார், ஆப்ரேசனுக்கு நெஜமாவே துட்டு வாணாமா?"
வேண்டாம்மா.

அது பொய்யில்லை.
இந்த அட்டையெல்லாம் வருமுன்னே
இதே வியாதிக்கு என் சித்தப்பா
திருவலத்தில் முக்கால் காணி விற்றார்.
கிரயப் பணம் கைக்கு வந்தபோது
வாங்க அவர் இல்லை.

பத்தொன்பதாம் நாள் டிஸ்சார்ஜ்.
செலுத்த வேண்டியது: பூஜ்யம்.
அந்தப் பூஜ்யத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு ஸ்கேன் கவரைத் திருப்பி வைத்தாள்.
பின்பக்கம் முழுக்கப் பென்சில் கணக்கு:

அட்டை செல்லுமுன் வியாதியை நிரூபித்த ஸ்கேன்.
லாட்ஜில் கல்கத்தாக் குடும்பத்தோடு பாதி ரூம்,
நடுவில் அவர்கள் கட்டிய சேலைக்கு அந்தப் பக்கம்
ராத்திரியெல்லாம் யாரோ இருமினார்களாம்.
ரத்தம் கொடுக்க வந்த ஷாப்புப் பையன்கள் மூவருக்கு
பஸ், பிரியாணி.
அவர் கூலி. ஷூ கம்பெனியில் இவள் கூலி.
அடகுக் கடை வட்டி, தனியாக.
கடைசியில்
'மாத்திரை, இனிமே மாசாமாசம்' என்று எழுதி
எதிரே தொகை போடாமல் விட்டிருந்தாள்.

அதை விட்டுக் கூட்டினாலே
அறுபத்தோராயிரத்துச் சொச்சம்.

"இதுக்கு ஏதாவது நம்பர் கீதா சார்?"

பட்டியல் எனக்கு மனப்பாடம்.
இருந்தாலும் ஒரு தடவை திரையில் தேடினேன்,
அவள் பார்த்துக்கொண்டிருந்ததால்.

அதற்குள் சக்கர நாற்காலியில் முனிரத்தினம் வந்துவிட்டார்.
கவர் பைக்குள் போனது.
"வால்வு புதுசு சார்," என்றாள் தணிந்த குரலில்,
"இதெல்லாம் அதுக்குத் தெரிய வாணாம்."

அவர் பில்லை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார்.
முகம் மலர்ந்தது.
வரிசையில் நின்ற ஆம்பூர்க்காரரைக் கூப்பிட்டு
அட்டையைத் தூக்கிக் காட்டினார்:
"பதறாத நைனா.
ஒத்தப் பைசா செலவில்ல எங்களுக்கு.
இன்னாம்மே, நீ சொல்லு."

நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு
"ஆமாங்க" என்றாள்.