ஆதாயம் இல்லாத ஆள் தேவை

போன செப்டம்பரில்
முதல் பரிசு வாங்கிய லீக்கின் சொந்தக்காரரும்
பரிசைத் தூக்கிக் கொடுத்த நடுவரும்
மாமன் மச்சான் என்று தெரிந்த இரவு
ஹெட்லோ கிளப்பில் இரண்டு நாற்காலிகள் உடைந்தன.
ஒரு பல்லும்.

லீக் தெரியாதவர்களுக்கு:
வெங்காயத்தின் ஒன்றுவிட்ட அண்ணன்.
கழுத்து மட்டும் வெள்ளை.
எங்கள் நார்தம்பர்லாந்தில்
சுரங்கத்தை மூடிய பிறகும்
மூடாத குழி இதற்கு வெட்டுவதுதான்.
பீர் ஊற்றி வளர்ப்பார்கள்.
போட்டி வாரத்தில்
யாரும் கத்தியோடு வந்துவிடாமல்
கொட்டகையில் அதன் பக்கத்திலேயே படுப்பார்கள்.
மனைவிமார் ஒன்றும் சொல்வதில்லை.

செயலாளர் நான், ஈனிட் ஃபென்விக்.
இந்த முறை அறிவிப்பை நானே தட்டச்சு செய்தேன்:
'டிஸ்இன்ட்ரஸ்டட் நடுவர் ஒருவர் தேவை.'

வந்தது ஒரே ஆள்.
நாரிஸ் ஹெப்பிள், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.
"நான்தாம்மா நீங்க தேடுற ஆள்.
லீக்கில் எனக்குத் துளி ஆர்வம் கிடையாது.
சூப்பில் கிடந்தால் ஓரமாக ஒதுக்கிவிடுவேன்."

"அது அன்இன்ட்ரஸ்டட், ஐயா.
இன்ட்ரஸ்ட் என்ற ஒரே வீட்டில்
ஆர்வமும் குடியிருக்கிறது,
ஆதாயமும் குடியிருக்கிறது.
வங்கியில் வட்டி என்று
கதவைத் தட்டுவதும் அந்த வீட்டுப் பிள்ளைதான்.
அன் வந்தால் ஆர்வம் காலி செய்யும்.
டிஸ் வந்தால் ஆதாயம் காலி செய்யும்.
நான் கேட்டது
கை நீளாத ஆள்.
கண் மூடிய ஆள் இல்லை."

கொட்டாவி விட்டார்.
"இந்த ஊரில் எனக்கு மச்சான் இல்லை,
கடன் இல்லை, காதலும் இல்லை.
அப்போ நான் ரெண்டும்தான்.
ஒரு சம்பளம் போதும்."

வேறு ஆளும் இல்லை எனக்கு.

கறுப்புத் துணிமேல் முப்பத்தொரு லீக்குகள்.
முதலாவதை
ஆளில்லாத நிறுத்தத்தை பஸ் தாண்டுவதுபோல் தாண்டினார்.
இரண்டு. மூன்று.
ஆறாவதில் கடிகாரம் பார்த்தார்.
ஏழாவதில்
நின்றார்.
மூக்குக் கண்ணாடி வெளியே வந்தது.
"இந்த வேருக்கு யார் தலைவாரி விட்டது?"
யாரும் பேசவில்லை, பேசக் கூடாது.
நாடாவைச் சுற்றினார். அவிழ்த்து
மறுபடி சுற்றினார்.
வந்த வழியே திரும்பி
முதலாவதிலிருந்து தொடங்கினார்.

மூன்று மணி நேரம்.
தேநீர் ஆறி, ஏடு படிந்து,
பிஸ்கட் தீர்ந்துவிட்டது.
இருபத்தாறாவதும் ஏழாவதும்
கால் அங்குல வித்தியாசம்.
கால் அங்குலத்துக்காக ஒரு மனிதர்
தரையில் மண்டியிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

பரிசு இருபத்தாறுக்கு, வில்ஃப் டாட்ஸுக்கு.
பழைய சாம்பியன் எழுந்தார்.
நாற்காலிகளை நான் கண்ணால் எண்ணினேன்.
"அளவு சரிதான்" என்றார்,
முறைத்துக்கொண்டே.

நாரிஸிடம் சொல்லப் போனேன்:
ஏழாவதிலிருந்து கடைசி வரை
நீங்கள் அந்தச் சொல்லாகவே இருந்தீர்கள்,
ஓர் எழுத்து குறையாமல்.
அவர் காதில் விழவில்லை.
டாட்ஸின் சட்டைப் பொத்தானைப் பிடித்து
விதை எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மார்ச்சில் அவர் வீட்டுப் பின்புறம்
புதுக் குழி. பக்கத்தில்
இரண்டு பெட்டி பீர்.

ஆக, அறிவிப்பை மறுபடி ஒட்டினேன், அதே சொல்.
வாசித்துவிட்டு
டிஸ் மேல் விரல் வைத்தார், நகத்தில் மண்.
"இது இனி நான் இல்லை, ஈனிட்."

குரலில் வருத்தம் இருந்தமாதிரிதான் இருந்தது.
அதற்குள் பின்னால் நின்ற டாட்ஸ்
அவர் பைக்குள் என்ன உரம் என்று
எட்டிப் பார்க்க,
பையை மார்போடு அணைத்துக்கொண்டு
வெளியேறினார்.