காரணம் தெரியவில்லை

தை கடைசியில் நான் அரசாங்கத்து ஆள்.
தொப்பி ஒன்று, விசில் ஒன்று,
கட்டம் போட்ட நோட்டு ஒன்று.
தீக்காவலர், தினக்கூலி.
போன மாசிக் கூலி வைகாசியில் வந்தது.
அதுவரை உலை கொதித்தது
குப்பாயி பொறுக்கிவந்த கடுக்காயில்.

கொட்டச்சேட்டுக்குக் கீழே அந்தச் சரிவு.
கணுக்கால் புதையும் சருகு.
காய் விழுவது காதுக்குக் கேட்கும்,
கைக்கு அகப்படாது.
கிளறினால் விரியன்.
ராமக்கா மகளுக்கு இன்னும்
இரண்டு விரல் மடங்கவில்லை.
அதனால் காய் உதிருமுன்னே
யாரோ ஒருத்தி
தீப்பெட்டியால் முற்றம் கூட்டிவைக்கிறாள்.
கரிந்த தரையில் விழுந்தது விழுந்த இடத்தில் தெரியும்.
ஒரு கோடை மழை தூறினால்
ஆட்டுக்கு இளம்புல்.

யார் என்று நான் கேட்டதில்லை.
படுக்கும்போது குப்பாயி தலைமுடியில் புகை.
அடுப்புப் புகையென்றால் சாமைக்கஞ்சி மணக்கும்.
இது வேறு,
நாக்கு நுனியில் துவர்ப்பது.
நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன்.

செவ்வாய்க்கிழமை பொழுதிறங்க
காற்று திரும்பிவிட்டது.
நாங்கள் நாலு பேர்,
ஆளுக்கொரு பச்சைத் தழைக்கொத்து.
அடித்தால் படுக்கும்,
முதுகைக் காட்டினால் எழும்.
கீழே சேலத்தில் மொட்டைமாடி தோறும்
மலைக்கு மாலை போட்டதுபோல் இருந்ததாம்,
போனில் படம் பிடித்தார்களாம்.
மாலைக்குள் நின்ற எனக்குப்
புருவம் பொசுங்கிவிட்டது.
எஸ்டேட் வேலி வரை வந்து
களையெடுத்த காப்பிக்காட்டைப் பார்த்துத்
தீ நின்றது,
உள்ளே விடாத வீட்டு வாசலில் நிற்பதுபோல.
காட்டெருமைகள் நிற்கவில்லை.
விடியுமுன் எங்கள் அவரைப் பந்தலில் இருந்தன.

புதன்கிழமை சாம்பலில் நடந்தேன்.
பூட்ஸ் கிடையாது, செருப்பு சுட்டது.
மரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை,
தடித்த பட்டை, எத்தனை மாசி பார்த்தவை.
அப்போதுதான் உறைத்தது:
என் இடுப்பு பருமனில் மரம் உண்டு,
தொடை பருமனில் உண்டு.
மணிக்கட்டு பருமனில் ஒன்றுகூட இல்லை.
சரிவை மேலும் கீழும் இரண்டு முறை அளந்தேன்.
கிழவர்களே நிற்கும் ஊர்போல,
பள்ளிக்கூடம் மூடிய ஊர்போல.
எனக்குப் பிறகு இங்கே எது உதிரும்?
ஊற்றுக்குப் போனேன்.
சித்திரை வரை சொட்டுகிற பாறை
மாசியிலேயே வாய் உலர்ந்து கிடந்தது.
மேலே ஓட்டல்காரன் போட்ட போர்வெல்லா,
நாங்கள் போட்ட தீயா,
பாறை சொல்லாது.

திரும்பும் வழியில் ஒரு திட்டுப் பச்சை.
கட்டில் அகலம்தான்.
சுற்றிலும் ஒரு முழம்
சருகு கூட்டி வழித்த வெறும் மண்,
அதற்குள் கல் அடுக்கிய வட்டம்,
வட்டத்துக்குள் முழங்கை உயரத்தில்
ஒரு கடுக்காய்க் கன்று,
ஓர் இலைகூட வாடாமல்.
கூட்டிய தடத்தைக் குனிந்து பார்த்தேன்.
இடமிருந்து வலம், அரைவட்டம் அரைவட்டமாக.
எங்கள் வாசலில் தினமும் மிதிக்கிற தடம்.
இடக்கைக்காரி.

கொஞ்சம் தள்ளி இன்னொன்று.
பாறை இடுக்கில் மூன்றாவது.
அதற்கு மேல் தேடவில்லை.
எண்ணிவிட்டால்
கணக்குச் சொல்ல வேண்டிவரும்.

வனவர் மத்தியானம் வந்தார்.
எஸ்டேட்காரர் புகார் கொடுத்திருக்கிறார்.
நோட்டை எடு என்றார்.
நேரம்: மாலை ஐந்தரை.
பரப்பு: சுமார் ஆறு ஏக்கர்.
சேதம்: சருகு, புல், ஒரு கிளுவை வேலி.
காரணம் என்ற கட்டத்தில்
பேனா சிறிது நேரம் நின்றது.
வழக்கமான இரண்டு சொல்லை எழுதினேன்.
அவரும் வழக்கம்போல் கையெழுத்திட்டார்.
எரியாததை எழுத
அந்த நோட்டில் கட்டம் இல்லை.

ராத்திரி அவள் சாக்கு தைத்துக்கொண்டிருந்தாள்.
வெள்ளிக்கிழமை யாவாரி லாரி வரும்.
விளக்குமாறு தேய்ந்துபோச்சு என்றேன்.
ஊசியிலிருந்து கண் எடுக்காமல் சொன்னாள்,
சீமாறுப் புல்லும் எரிந்துபோச்சே,
எதைக் கொண்டு கட்டுவது.