பதினான்காம் வரி

கப்பலூர் சிட்கோவில்
ரப்பர் வாஷர் அடிக்கிற கம்பெனிக்குச்
சீனாவிலிருந்து ஒரு பிரஸ் வந்தது.
கூடவே கையேடு. இடப்பக்கம் சீனம்,
வலப்பக்கம், அந்தச் சீனத்திடமிருந்து
செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்த ஆங்கிலம்.
பக்கம் நூற்றெண்பது ரூபாய்க்கு
நான் தமிழாக்கினேன்.

நான்சாங்கில் டாக்டருக்குப் படித்து
நாலாம் வருசத்தோடு திரும்பியவள் நான்.
இடப்பக்கம் தெரியும் என்றுதான்
வேலையே கொடுத்தார்கள்.
வலப்பக்கத்தை மட்டும் படித்தேன்.
அது சீக்கிரம் முடியும்.

பதினான்காம் வரி:
லீவ் த மோல்ட், டென் மினிட்ஸ்.
'அச்சைப் பத்து நிமிடம் அப்படியே விடவும்'
என்று எழுதிவிட்டுப் பதினைந்துக்குப் போனேன்.
தமிழில் விடாதது எது?
பள்ளிக்கூடம் லீவு விடுகிறது, வைகையில் தண்ணி விடுகிறார்கள்,
மினிபஸ் படிக்கட்டில் ஒருத்தி
'இறங்க விடுங்கப்பா' என்று கத்துகிறாள்,
ஒருத்தன் கதை விடுகிறான், ஒருத்தன் மூச்சு.
விடு என்றால் தொடாதே என்றும் ஆகும்,
பிடியைத் தளர்த்து என்றும் ஆகும்.
நீ அங்கிருந்து போ என்று
தன்னால் ஆகாது.

ஒச்சப்பன் என் வரியை வெட்டி
பிரஸ் மேலேயே ஒட்டியிருந்தார்.
அச்சை அப்படியே விட்டார்.
விரல்கூடப் படவில்லை.
பக்கத்திலேயே நின்றார்,
சொன்னபடி செய்கிற மனிதர்.
ஆறாவது நிமிடம்
ஆவி வந்தது.

அன்றிரவு இடப்பக்கத்தைத் திறந்தேன்.
லியூ என்று இருந்தால் தப்பித்தேன்.
லியூ என்றால் இருக்கட்டும், வைத்திரு.
ஊரைக் காலிசெய்து ஒருவன் போனால்
போனவனையும் அவன் போட்டுவிட்டுப் போன பாத்திரத்தையும்
ஆங்கிலம் ஒரே வினையில் அடைத்துவிடும்.
சீனத்தில் லியூ
பாத்திரத்துக்கு மட்டும்.

இருந்தது லீகாய்.
சந்தையில் கிடைக்கிற காய் மாதிரிக் கேட்கும்.
விலகிப் போ என்று அர்த்தம்.
அச்சை விட்டுப் பத்து நிமிடம் விலகிப் போ.
விடவும் இல்லை, விட்டு.
ஒரு ட் கூடுதலாகப் போட்டிருந்தால் போதும்.

தெரியாத சொல் என்று சொல்லவும் முடியாது.
ஹாஸ்டல் கதவில் அதைத்தான் ஒட்டியிருந்தார்கள்.
ஒரு பிப்ரவரியில்,
இருபது கிலோ பெட்டியோடு
நானே செய்த வினை அது.

கம்பெனிப் பதிவேட்டில் ஒச்சப்பன் பெயருக்கு நேரே
எல், எல், எல் என்று நாற்பது கட்டம்.
அந்த லீவு சீனத்தில் சிங்ஜியா.
சிங் என்றால் தயவுசெய்து; கேட்டு வாங்குவது.
அவர் கேட்கவில்லை.

பெரியாஸ்பத்திரி, தீக்காய வார்டு.
அவர் மனைவி பேச்சிக்கண்ணு
சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார்.
'அந்த வரிய எழுதுனது நாந்தான்' என்றேன்.
கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல்
மெதுவாகத் தூக்கி வைத்துக்கொண்டு,
'அட, விடுங்க டாக்டரம்மா' என்றார் ஒச்சப்பன்.

இதற்கு அங்கே சுவான்லெ.
போகட்டும் என்று பொருள்.
எழுத்தைப் பிரித்தால்:
கணக்குப் பார்த்தாச்சு.
அவர் பார்த்தாரா தெரியவில்லை.
பேச்சிக்கண்ணு
தோலை மடியில் போட்டுவிட்டு
என்னைப் பார்த்தார்.

ஆறு மணி. பார்க்க வந்தவர்களைக் கிளப்பியபடி
செக்யூரிட்டி கட்டில் கட்டிலாக வந்தார்.
போய்ட்டு வர்றேன் என்று ஆஸ்பத்திரியில் சொல்லக் கூடாது.
போறேன் என்று எங்கேயும் சொல்லக் கூடாது.
கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு
மூன்று மொழியிலும் தேடினேன்.

'கைய விடுங்க, கட்டில் ஆடுது'
என்றார் பேச்சிக்கண்ணு.

விட்டேன்.