ஈறு ஆறும் வரை

ஆடி மழையில் பேவர் பிளாக் ஒன்று பெயர்ந்து கிடந்தது.
நான் விழுந்தேன். முன்பல் விழுந்தது.
கிளாரினெட் விழவில்லை,
முழங்கை இரண்டையும் கொடுத்து அதைக் காப்பாற்றினேன்.
"ஈறு ஆறும் வரை ஊதக் கூடாது," என்றார் சயான் டாக்டர்.
எட்டு வாரம்.
ஒன்பதாவது வாரம் கணபதி வருகிறார்.

கல்யாணம் இல்லாத மாதங்கள்.
பேண்டு கோட்டின் சரிகையில் பூசணம் ஏறுகிறது.
இருபத்திரண்டு வருடம் ஊதிய வாய்
சும்மா இருக்கச் சொன்னால் என்ன செய்யும்?
வீட்டில் சண்டை போட்டது.
"எங்கேயாவது போய்ப் பாடித் தொலைங்க,"
என்றாள் கிரேஸ்லின்.

பைகுல்லாவில் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு மாடி அறை.
சின்னப் பிள்ளைகள் ஆறு பேர்,
ரிட்டயர் ஆகப்போகும் பேங்க்காரர் ஒருவர், நான்.
ஒலிண்டா மிஸ்ஸுக்கு இருபத்தாறு வயது இருக்கும்.
பியானோவில் ஒரு கட்டையை அழுத்தி
"டோ" என்கிறாள்.
என் விரல்கள் தொடைமேல்
"ரே" என்று மூடிக்கொள்கின்றன.

என் வாத்தியம் அப்படி.
ஊரெல்லாம் டோ என்பதை அது ரே என்று எழுதும்.
ஒரு படி தள்ளி நின்றே பழகியது,
தாராவியில் பிறந்துவிட்டு
சொந்த ஊர் கேட்டால்
நாசரேத் என்று சொல்கிறவன் மாதிரி.

"கையால் என்ன பண்றீங்க?"
"தேடுறேன், மிஸ்."
"தொண்டையில் துளை கிடையாது," என்றாள்.
சொட்டுகிற குடையை எடுத்து
இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

ஸோ பாடினால்
பல் போன சந்தில் காற்று சீறுகிறது.
பிள்ளைகள் சிரித்தார்கள், ஒருவன் தவிர.
அவனுக்கும் முன்பல் இரண்டு விழுந்திருந்தது.
நாங்கள் இருவரும் சேர்ந்து சீறினோம்.

ரே வந்தது. மீ வந்தது.
லா, நாலாவது வாரம், தானாக.
ஃபா மட்டும் வரவில்லை.
மீக்குப் பக்கத்து வீடுதான், ஒட்டிய சுவர்தான்,
ஆனால் மீயிலேயே நின்றுவிடுவேன்
அல்லது தாண்டிப் போய் ஸோவில் இறங்குவேன்.
மிஸ் ஒன்றும் சொல்லாமல்
அந்தக் கட்டையை மட்டும் திரும்பத் திரும்ப அழுத்துவாள்.

கரி ரோட்டுக்கும் சிஞ்ச்போக்ளிக்கும் நடுவே
ஸ்லோ வண்டி நின்றுவிட்டது.
கைகள் இரண்டும் மேலே, கைப்பிடியில்.
காதை இடிக்கிறது யாருடைய டிபன் பையோ.
போன வகுப்பின் டோ தொண்டையிலேயே ஒட்டியிருந்தது,
அதிலிருந்து ஏறினேன், வாய் திறக்காமல்.
டோ, ரே, மீ.
அப்போதுதான் பிடிபட்டது.

அவளுடைய ஃபாவுக்கு
என் வாத்தியத்தில் ஒரு துளையும் மூட வேண்டாம்.
கட்டைவிரல் உட்பட எல்லாம் தூக்கியிருக்கும்.
பத்து விரலும் ஓடிப்போய்த் தேடுகிற இடத்தில்
பிடிக்க ஒன்றுமே இல்லை.
எத்தனை ஆயிரம் ஊர்வலத்தில்
கையைத் தூக்கியே அதைக் கடந்திருக்கிறேன்,
ஒரு தரம்கூடக் கேட்காமல்.

"ஃபா."
சத்தமாகவே வந்துவிட்டது.
டிபன் பைக்காரர் திரும்பி என்னவென்று கேட்டார்.
"ஒன்றுமில்லை," என்றேன்.
ஒன்றுமில்லைதான்.

புதுப் பல் கட்டியாயிற்று.
மேம்பாலத்தடியில் ஒத்திகை.
பாபன் மாஸ்டர் கையை உயர்த்த, சைடு டிரம் தொடங்க,
எல்லோரும் நுழைந்தார்கள்,
நான் அரைக் கணம் பிந்தி.
நிறுத்தினார்.
"பல் வந்துவிட்டது, தூக்கம் போகவில்லையா?"

எப்படிச் சொல்வது.
விரல் மூடுவதற்கு முன்
சுரம் ஒருதரம் உள்ளே வந்து
உட்கார்ந்துவிட்டுப் போகிறது, மாஸ்டர்.
அது எழுந்திருக்கும் வரை காத்திருக்கிறேன்.

"சாரி," என்றேன்.
மறுபடி டிரம்.
மறுபடி பிந்தினேன்.