ஓட்டைக் கணக்கு

வேலந்தாவளம் செக்போஸ்டில்
பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.
பஞ்சுக்குள் படுத்திருந்தது
ஐந்தடி நீளச் சாம்பல் நிறப் போர்க்கப்பல்.
அடியில் அரைக் கிலோ எஃகு ரவை,
சோடாக் கம்பெனி கேஸ் குப்பி இரண்டு.
"பொம்மைங்க" என்றார் கிட்டுச்சாமி.
காவலர் ஒரு ரவையை
உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.
ஐம்பத்தெட்டு வயதில்
பொம்மை என்று சொல்ல நேர்ந்ததுதான்
அன்றைக்கு அவருக்கு முதல் சேதம்.

கருவப்பாறைக் கல்குழியில்
வெடி நின்று பதினோரு வருஷம்.
தண்ணீர் பச்சை.
ஹக்கீம் ராவுத்தர் ஆறு மணிக்கே வந்து
மூங்கிலால் பாசியை ஒதுக்கியிருந்தார்.

இருவரிடமும் விதி உண்டு.
கிட்டுச்சாமியுடையது முப்பத்தொரு பக்கம், லேமினேட் செய்தது:
அசல் கப்பலின் பீரங்கி எவ்வளவோ
அந்த விகிதத்தில் குண்டு.
அசல் எவ்வளவு மெதுவோ அவ்வளவு மெது.
பெரியது பெரிதாகத்தான் அடிக்கும்,
சின்னது விலகக் கற்கட்டும்.
மூழ்கினால் தோல்வி.

ராவுத்தருடையது
டயர் கடை டைரியின் பின்பக்கம்:
எல்லாருக்கும் ஒரே ரவை,
ஒரே கனத்தில் பால்சாத் தோல்.
ஓடுகிற வேகம் ஓடலாம்.
நீர்க்கோட்டுக்கு மேலே ஓட்டை பத்து,
கோட்டில் இருபத்தைந்து,
கீழே ஐம்பது. மூழ்கினால் முந்நூறு.
போதுமென்று தோன்றினால்
"அஞ்சு" என்று கத்தலாம்;
அப்புறம் ஐந்து நிமிஷம்
அடி வாங்கிக்கொண்டே மிதக்க வேண்டும்.

"இதென்னங்க, கபடியா?"
"உங்களது மட்டும் என்ன, சரித்திரப் பரீட்சையா?"

என்னைக் கூப்பிட்டது எண்ணுவதற்கு.
கொழிஞ்சாம்பாறை பால் சொசைட்டியில்
கொழுப்பு அளப்பவள் நான்.
ஒரே மாட்டின் பால்
ரோட்டுக்கு இப்பக்கம் ஒரு விலை, அப்பக்கம் ஒரு விலை.
கருவி காட்டுவதை எழுதி
வசவு வாங்கிப் பழக்கம்.

அவரவர் கப்பல் அவரவர் விதியில் என்று
கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.
மூன்றாவது விதி அதுதான்.
அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

சின்னது கொசுவாய்ச் சுற்றியது.
பெரியதன் இடுப்பெல்லாம் துளை.
பெரியது திரும்பவே ஒரு பீடி நேரம்.
மொத்தம் மூன்று முறை சுட்டது.
மூன்றாவது,
தேங்காய் உடைகிற சத்தம்.
"அஞ்சு!" என்றார் ராவுத்தர்.
நாலு நிமிஷம் ஐம்பது விநாடியில்
மூக்கு முதலில், பிறகு கொடி.

கரைக்கு வந்த பெரியதைப்
பென்சிலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன்.
மேலே இருபத்திரண்டு, கோட்டில் ஒன்பது, கீழே ஆறு:
எழுநூற்று நாற்பத்தைந்து.
டைரிப்படி ராவுத்தருக்கு வெற்றி.
"அப்போ இது என்னங்க?" என்று கிட்டுச்சாமி
கப்பலைத் திரும்பத் தண்ணீரில் விட்டார்.
சாட்சியாக மிதந்தது அது,
வயிற்றுப் பம்ப்
ஒரு பக்கமாய்த் துப்பிக்கொண்டிருக்க.

ஆனால் மூழ்கியதன் மிதவை மேலே வரவில்லை.
நூல் சிக்கியிருக்கும்.
பக்கத்துக் களத்திலிருந்து
பாதாளக்கரண்டி வாங்கி வந்தது கிட்டுச்சாமி.
ராவுத்தர் கயிறு விட, இவர் இழுக்க,
ஒரு துளைக்கம்பி வந்தது,
ஒற்றை ரப்பர் செருப்பு வந்தது,
வெயில் போனது.
யாரும் புத்தகத்தைத் தொடவில்லை.

பம்ப் சத்தம் மெலிந்ததை
நான்தான் முதலில் கேட்டேன்.
பேட்டரி. சாட்சி இடப்பக்கம் சாய்ந்தது.
முப்பத்தொரு பக்கத்தில்
எப்போது மூழ்கினால் தோல்வி என்று
நேரம் குறிப்பிடவில்லை.
ஒரு நிமிஷம் சும்மா இருந்தால்
இரண்டு புத்தகத்திலும்
ஒரே பெயரை எழுதி வீட்டுக்குப் போகலாம்.
சொசைட்டியில் சாயங்காலப் பால் வந்திருக்கும்.

"அஞ்சு!" என்று கத்தினேன்.

இருவரும் கயிற்றோடு திரும்பினார்கள்.
ராவுத்தர் சட்டையோடு குதித்தார்.
"எந்தப் புத்தகப்படிம்மா?" என்று கேட்டார் கிட்டுச்சாமி,
இடுப்பளவு தண்ணீரில்
இறங்கிக்கொண்டே.