கடைவாய்

லைசென்ஸ் புத்தகத்தை முதலில் பார்த்தார் லத்தீஃப் சேட்,
பிறகு என்னை,
மறுபடி புத்தகத்தை.
மூன்று விண்ணப்பம், இரண்டு விசாரணை,
வேப்பேரியில் ஒரு மழை நாள் முழுக்க பிளாஸ்டிக் நாற்காலி.
காரணம் என்ற கட்டத்தில்
விளையாட்டு என்று எழுதியிருந்தேன்.
பல் டாக்டருக்கு இது என்ன விளையாட்டு என்றார் இன்ஸ்பெக்டர்.
பல்லைக் காட்டினேன்.

மவுண்ட் ரோடு, மாடிக் கடை, மேசைமேல் இரண்டு.
இரண்டும் லீவர் வைத்தவை.
மான்களுக்கென்று சட்டம் வருமுன்
காட்டுக்குப் போய்த் திரும்பியவை.
ஒன்று பளபளத்தது.
புது வார்னிஷ், புது நீலம்,
கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஓடிவந்து
முன்வரிசை ஆறையும் வெள்ளையாக்கிக்கொள்கிற
மாப்பிள்ளை மாதிரி.
திருகுகளைப் பார்த்தேன். தலை நசுங்கியிருந்தன.
யாரோ பொருந்தாத திருப்புளியால்
அவசரமாகத் திறந்திருக்கிறார்கள்.

இன்னொன்றுக்கு நிறம் போயிருந்தது.
கை பிடித்த இடமெல்லாம் பழைய எட்டணா போல வெளுத்து.
கட்டையின் கழுத்தில் மயிரிழையாய் ஒரு கோடு.
நகத்தால் வருடினேன்.
நகம் மாட்டவில்லை.

இந்த ஜாதித் துப்பாக்கியைப்
பின்னாலிருந்து எட்டிப் பார்க்க முடியாது.
காலிதானா என்று மூன்று தரம் பார்த்துவிட்டு
கைப்பையிலிருந்து வாய்க்கண்ணாடியை எடுத்தேன்.
லீவரை இறக்கி, திறந்த தொண்டைக்குள் அதைச் சாய்த்து,
செல்போன் வெளிச்சத்தை அதன்மேல் விட்டு,
முனை வழியே பார்த்தேன்.
சேட் எழுந்து நின்றுவிட்டார்.

உள்ளே வெளிச்சம்
சங்குக்குள் போவதுபோல் சுற்றிச் சுற்றிப் போயிற்று.
வரிகள் கூர்மையாக இருந்தன.
முனைக்கு இரண்டு அங்குலம் முன்னால் மட்டும்
ஒரு கரும்புள்ளி.

சொத்தை, என்றேன்.
துரு மேடம், துடைச்சா போயிடும்.
துடைத்தார்.
போகவில்லை.

பேசும்போது அவருக்கு வலப்பக்கம் மட்டுமே அசைந்தது.
டீ வந்தது. ஆறவிட்டு, ஆறவிட்டு,
ஒரு பக்கமாகவே குடித்தார்.
எத்தனை நாளா?
எது?
இடது கீழ்க் கடைவாய்.
கிராம்பு வாசனையைப் படியேறும்போதே பிடித்திருந்தேன்.
சுவர் முழுக்கத் துப்பாக்கி மாட்டியிருப்பவர்
குரலைத் தாழ்த்திச் சொன்னார்:
ஊசின்னா பயம்.

விலை ஐயாயிரம் இறங்கியது.
பல்லுக்காக இல்ல, அந்தப் புள்ளிக்காகன்னு வெச்சுக்குங்க.
வைத்துக்கொண்டேன்.

தோட்டா?
இந்த அளவுக்கு இப்ப யாரும் கேக்கறதில்ல மேடம்,
சொல்லி வெக்கிறேன், வந்தா வரும்.
தேர்தல் அறிவிச்சா உடனே ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடணும்.
வேட்டை கூடாது, தெரியும்ல?
அப்ப எதைச் சுடப் போறீங்க?

நான் எண்ணைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.
ரசீதில் மூன்று, இரும்பில் எட்டு.
மூன்றின் வாயை மூடி எட்டாக்கப் பார்த்தார்.
வேண்டாம், புதுசாக எழுதுங்கள் என்றேன்.
அவர் எழுதும் நேரத்தில்
லீவரை ஒரு தரம் இறக்கி ஏற்றினேன்.

அரை மணி நேரம் முரண்டு பிடித்த ஞானப்பல்
எலும்பை விட்டு
வேரோடு கைக்கு வருகிற கணத்தில்
ஒரு சத்தம் வரும்.
நோயாளிக்குத் தன் தலைக்குள் கேட்கும்,
எனக்கு மணிக்கட்டில்.
அதே சத்தம்.
இதை அந்தப் படிவத்தில்
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

சேத்துப்பட்டு, மூன்றாம் மாடி, இரவு பதினொன்று.
ரயில் சத்தம் அடங்கக் காத்திருந்து
வெறும் துப்பாக்கியை
இறக்கி, ஏற்றி,
இறக்கி, ஏற்றி.
காலையில் படிக்கட்டில் கீழ்வீட்டு விசாலி கேட்டாள்:
ராத்திரி உங்க வீட்டுல என்ன சத்தம்?
அலமாரிக் கதவு.
எண்ணெய் விடுங்க.
விட்டாச்சு.

கிளினிக் நோட்டில் செவ்வாய் நாலரைக்கு
பென்சிலால் எழுதிய பெயர்
மூன்று செவ்வாயாக இடம் மாறிக்கொண்டிருக்கிறது.
சேட் வரவில்லை.
தோட்டாவும்.